மோட்டார் சைக்கிளுக்கு எப்போது வயதாகிறது?

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. 100 சி.சி. வண்டி. வாங்கி 14 ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில நாட்களாகச் சைலன்சரிலிருந்து நீலம் கலந்த வெண்புகை வருகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "எஞ்சினைப் பிரிக்கணும் சார், பன்னிரண்டாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்.

"செலவு பண்ணினா இன்னும் பத்து வருஷம் ஓடும்டா" என்கிறார் தந்தை. "செத்த பிணத்துக்குச் சிங்காரம் எதுக்குப்பா? வந்த விலைக்குத் தள்ளிட்டுப் புதுசு வாங்கலாம்" என்கிறான் மகன்.

இந்த விவாதம் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். இருவரில் யார் சொல்வது சரி? பாசத்தையும் ஆசையையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, பௌதிகத்தையும் எளிய கணக்கையும் துணைக்கு அழைத்துப் பார்ப்போம்.

வண்டி எது?

மாட்டு வண்டியை எண்ணிப் பாருங்கள். சக்கரத்தின் இரும்புப் பட்டை தேய்ந்தால் புதுப் பட்டை போடுகிறோம். ஆரக்கால் உடைந்தால் தச்சர் வேறொன்று செருகித் தருகிறார். கடையாணி போனால் கொல்லரிடம் வாங்கிக்கொள்கிறோம். இவற்றுக்காக எந்த விவசாயியும் வண்டியை விற்பதில்லை. ஆனால் வண்டியின் அடிமரமே உளுத்துப் போனால்? அப்போது புதிய பட்டையும் புதிய ஆரக்காலும் இருந்து பயனில்லை.

மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். மனிதனுக்கு முதுமை உடல் முழுவதும் ஒன்றாக வருகிறது. எந்திரத்துக்கு அப்படி வருவதில்லை. அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வயது உண்டு. சில பாகங்கள் ஓடுவதால் தேய்கின்றன. சில, சும்மா நின்றாலே கெடுகின்றன. சிலவற்றை மாற்றலாம், சிலவற்றை மாற்ற முடியாது. ஆகவே "வண்டிக்கு எத்தனை வயது?" என்று கேட்பதை விட, "எந்தப் பாகம் முதிர்ந்திருக்கிறது? அதை மாற்ற முடியுமா?" என்று கேட்பதே சரியான கேள்வி.

பூமியைச் சுற்றிவந்த பிஸ்டன்

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். நம் நாட்டில் பரவலாக ஓடும் ஒரு 100 சி.சி. எஞ்சினில் பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர். அது சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் தூரம் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். கடைசிக் கியரில் ஒரு கிலோமீட்டர் ஓட, எஞ்சின் ஏறத்தாழ 5,500 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்குகிறது. அதாவது சுற்றுக்குப் பத்து சென்டிமீட்டர் உராய்கிறது.

பெருக்கிப் பாருங்கள். வண்டி சாலையில் ஒரு கிலோமீட்டர் போகும்போது, பிஸ்டன் சிலிண்டருக்குள்ளேயே அரைக் கிலோமீட்டருக்கு மேல் உராய்ந்து பயணம் செய்கிறது! ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் பிஸ்டன், சிலிண்டர் சுவரில் ஏறத்தாழ 55,000 கிலோமீட்டர் உராய்ந்திருக்கும். பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர்தான்.

இவ்வளவு உராய்ந்தும் அது எப்படிப் பிழைக்கிறது? எஞ்சின் ஆயிலால்தான். பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே கனமுள்ள எண்ணெய்ப் படலம் நிற்கிறது. பிஸ்டன் வேகமாக நகரும்போது, எண்ணெய் ஆப்பு போல இடையில் புகுந்து இரு உலோகங்களையும் பிரித்து வைக்கிறது. ஆனால் உச்சியில் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புகிறது அல்லவா? அங்கே வேகம் சுழி. எண்ணெய்ப் படலம் மெலிந்து, உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. எரியும் வாயுவின் வெப்பமும் அழுத்தமும் அங்கேதான் மிக அதிகம். அதனால் சிலிண்டர் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. உச்சிக்கு அருகில்தான் அதிகமாகத் தேய்ந்து, ஒரு சிறு படிக்கட்டுப் போல ஆகிவிடுகிறது.

தேய்ந்த இடைவெளி வழியே எண்ணெய் மேலேறிப் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. அதுவே நீலப் புகை. வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் தொடர்ந்து நீலப் புகை வந்தால் வளையங்களும் சிலிண்டரும் தேய்ந்திருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வுத் தண்டின் ரப்பர் சீல்தான் காரணம். அதை மாற்றச் சிலிண்டரைக் கடைய வேண்டியதில்லை; செலவும் குறைவு. புகை கறுப்பாக இருந்தாலோ, அது தேய்மானமே அன்று. பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது என்று பொருள். நிறத்தைப் பார்க்காமல் எஞ்சினைப் பிரிக்கச் சொல்லாதீர்கள்.

சரி, சிலிண்டரே தேய்ந்துவிட்டது, வண்டி முடிந்ததா? இல்லை. வார்ப்பிரும்புச் சுவருள்ள சிலிண்டரை லேத்துப் பட்டறையில் கொடுத்துச் சற்றுப் பெரிதாகக் கடையலாம். இதைத்தான் 'போர் போடுவது' என்கிறார்கள். அதற்கேற்பக் கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ பெரிய பிஸ்டனைப் போட்டால் எஞ்சின் மீண்டும் இளமை பெறும். உட்சுவரில் தனிப் பூச்சு பூசிய சிலிண்டர்களில் இது இயலாது. முழுச் சிலிண்டரையும் மாற்ற வேண்டும். எப்படியாயினும், விவாதத்தில் எல்லாரும் பயப்படுகிற எஞ்சின்தான், உண்மையில் மிக எளிதாகப் புதுப்பிக்கக்கூடிய பாகம்!

குறைவாக ஓடினால் நல்லதா?

"கடைத்தெருவுக்கு மட்டும்தான் எடுப்பேன், வண்டி புதுசு மாதிரி இருக்கும்" என்று சிலர் பெருமை பேசுவார்கள். அவர்கள் ஒரு செய்தியை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் விளையும் நீர் இது.

எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறியிருந்தால் இந்த நீர் ஆவியாக வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தினால்? சூடேறாத சைலன்சருக்குள் நீர் படிந்து, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பளபளக்கும் சைலன்சர் ஒருநாள் திடீரென்று ஓட்டை விழுவது இதனால்தான். எஞ்சின் ஆயிலிலும் நீரும் எரியாத பெட்ரோலும் கலந்து அதன் வழவழப்பைக் கெடுக்கும். ஆகவே 20,000 கிலோமீட்டர் மட்டுமே, அதுவும் தெருமுனை வரை ஓடிய வண்டி, நெடுஞ்சாலையில் 60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியை விட நலமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பழைய வண்டி வாங்குகிறவர்களும் இதை நினைவில் கொள்ளலாம்.

நின்றாலும் முதிரும் பாகங்கள்

ரப்பருக்கு ஓட்டம் தேவையில்லை, காலம் போதும். காற்றின் ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் சேர்ந்து அதன் நெகிழ்ச்சியைப் போக்கிவிடுகின்றன. டயரின் பட்டன் தேயாமல் இருக்கலாம். பக்கச் சுவரில் மயிரிழைபோன்ற வெடிப்புகள் இருந்தால் அது கிழட்டு டயர்தான். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். '2319' என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். இன்றே உங்கள் வண்டியில் தேடிப் பாருங்கள்.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக் எண்ணெயும் இப்படித்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சுகிறது. ஈரம் கலந்த எண்ணெய் விரைவில் கொதிக்கும். மலைப்பாதை இறக்கத்தில் அது கொதித்து ஆவிக் குமிழ்கள் தோன்றினால் பிரேக் பிடியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது.

பெட்ரோல் குழாய்கள், கார்புரேட்டரின் ரப்பர் வளையங்கள் ஆகியவற்றுக்குப் புதிதாக ஒரு சோதனையும் வந்திருக்கிறது. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2023 முதல் விற்பனைக்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவியது. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையுள்ளது. அதற்கென்று தயாரிக்கப்படாத சில வகை ரப்பர்களை உப்பவும் விறைக்கவும் செய்யும். பழைய வண்டியை வைத்துக்கொள்வோர் இக்குழாய்களை அவ்வப்போது தொட்டுப் பார்க்க வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதானால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கவிடக் கூடாது.

நல்ல வேளையாக, இவை எல்லாம் மாற்றக்கூடியவை, விலையும் பெரிதல்ல.

களைத்துப் போகும் உலோகம்

இனி, மாட்டு வண்டியின் அடிமரத்துக்கு ஒப்பான பாகத்துக்கு வருவோம். எஞ்சினையும் சக்கரங்களையும் உங்களையும் தாங்கும் எஃகுச் சட்டம்தான் அது. மெக்கானிக்குகள் 'சேஸ்' என்பார்கள்.

ஒரு கம்பியை ஒரே முறை வளைத்தால் உடையாது. முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் உடைந்துவிடும். இதை உலோகக் களைப்பு என்கிறோம். 1842ஆம் ஆண்டு மே மாதம், பிரான்சில் வெர்சேய் நகரிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நன்றாக இருந்த அச்சு ஏன் முறிந்தது என்ற கேள்வி பொறியாளர்களை உலுக்கியது. ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பிற்காலத்தில் ரயில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிப் பல ஆண்டுகள் சோதித்தார். எஃகு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழான விசையை எத்தனை கோடி முறை வேண்டுமானாலும் தாங்கும். அந்த எல்லையைத் தாண்டிய விசை திரும்பத் திரும்ப வந்தால் ஒருநாள் முறியும் என்று கண்டார்.

நல்ல சட்டத்தில், வழக்கமான ஓட்டத்தின் விசைகள் இந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும். அப்படியானால் அது என்றுமே முறியாதா? அங்கேதான் துரு குறுக்கிடுகிறது. துரு அரித்த சிறு குழியின் ஓரத்தில் விசை குவிந்து எல்லையைத் தாண்டிவிடுகிறது. அளவுக்கு மிஞ்சிய பாரமும், விபத்தில் வளைந்து நிமிர்த்திய இடமும் அப்படியே. வெடிப்பு பெரும்பாலும் பற்றவைத்த மூட்டுகளில்தான் தொடங்கும். கடற்கரையூர் வண்டிகளுக்கு உப்புக் காற்றால் இந்த ஆபத்து மிகுதி.

ஆகவே வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். கைப்பிடி திரும்பும் கழுத்துப் பகுதி; பின்சக்கரத்தைத் தாங்கும் கவை சட்டத்தோடு சேரும் இடம்; நடு ஸ்டாண்டு பொருந்தும் இடம். வண்ணப்பூச்சில் நேர்க்கோடாக ஒரு கீறலும், அதன் வழியே துருக்கசிவும் தெரிந்தால் எச்சரிக்கை. திருப்புளியால் குத்தினால் துரு செதிள் செதிளாக உதிர்ந்து உலோகம் மெலிந்திருந்தால், எஞ்சினுக்குப் பன்னிரண்டு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம். சட்டம் போனால் வண்டி போயிற்று.

பதினான்கு மீட்டரும் இருபத்தெட்டு மீட்டரும்

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். 20 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை சாலையில் ஓடிவருகிறது. உலர்ந்த தார்ச்சாலை, நல்ல டயர், நல்ல பிரேக் என்றால், பிரேக் பிடித்த பின் ஏறத்தாழ 14 மீட்டரில் வண்டியை நிறுத்திவிடலாம். பிரேக்கின் ஆற்றல் பாதியாகக் குறைந்திருந்தால் 28 மீட்டர் தேவைப்படும். அதாவது 20ஆவது மீட்டரில் வண்டி இன்னும் மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியை வைத்துக்கொள்வதா என்ற கேள்வியில் பணத்தை விடப் பெரியது இதுதான். பிரேக் ஷூ, டயர், சக்கர பேரிங், கைப்பிடியின் கோன் செட் ஆகியவற்றைப் பார்க்காமல் எஞ்சினுக்கு மட்டும் செலவு செய்வது, நிற்க முடியாதவனுக்கு ஓடக் கற்றுக்கொடுப்பது போன்றது. நடு ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. முன்சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கைப்பிடியை மெல்லத் திருப்புங்கள். நடுவில் 'டக்'கென்று நின்றால் கோன் செட் போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக் அல்லது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பு, 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டு வண்டிகளில் கட்டாயமாயிற்று. பழைய வண்டியில் அதைப் பின்னர் பொருத்துவது எளிதன்று. மழையிலும் இரவிலும் நீண்ட தூரம் செல்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உதிரிப்பாகம் உள்ளவரை உயிர்

தென்னாட்டுக்கு நன்கு பழக்கமான இரு வண்டிகளின் கதை இங்கே பாடமாகும். 1955ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், ஆங்கிலேய வடிவமைப்பைக் கொண்டு புல்லட் வண்டியைச் செய்யத் தொடங்கியது. அதன் எஞ்சின் அமைப்பு அரை நூற்றாண்டுக் காலம் பெரிய மாறுதல் இல்லாமல் வந்தது. அதனால் ஒரு தலைமுறை வண்டியின் பாகம் அடுத்த தலைமுறைக்கும் உதவியது. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் ஊர்தோறும் இருந்தார்கள்.

மைசூரில் 1960களின் தொடக்கத்திலிருந்து ஜாவா, எஸ்டி வண்டிகள் தயாராயின. உறுதியில் அவையும் இளைத்தவை அல்ல. ஆனால் 1996ல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2018க்குப் பின் அதே பெயர்களில் புது வண்டிகள் வந்தாலும் அவற்றின் எஞ்சின் முற்றிலும் வேறு. பழைய வண்டிக்காரர்கள் தேடியலைந்து பாகம் சேர்த்துத்தான் ஓட்டுகிறார்கள். ஆக, ஒரு மாடலின் ஆயுளை உறுதி செய்வது எஃகு மட்டும் அன்று. கடைகளில் கிடைக்கும் உதிரிப்பாகமும்தான். லட்சக்கணக்கில் விற்ற சாதாரண வண்டியை நெடுநாள் வைத்துக்கொள்வது எளிது. சில ஆண்டுகளே விற்ற அபூர்வ வண்டியை வைத்துக்கொள்வது கடினம்.

கார்புரேட்டரை உள்ளூர் மெக்கானிக் பிரித்து ஊதிச் சரிசெய்துவிடுவார். 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 மாசு விதி வந்த பின் விற்கும் வண்டிகளில் பெரும்பாலும் மின்னணுக் கட்டுப்பாட்டோடு பெட்ரோல் பீச்சும் அமைப்பு உண்டு. அது சிக்கனமானது, புகையும் குறைவு. ஆனால் அதன் மின்னணுப் பெட்டி கெட்டால் எந்த லேத்துப் பட்டறையும் உதவாது. இன்று வாங்கும் வண்டியை இருபது ஆண்டு வைத்திருக்க நினைப்போர் இதையும் எண்ண வேண்டும்.

இப்போது கணக்கு

சட்டமும் பிரேக்கும் நன்றாக இருக்கின்றன, பாகமும் கிடைக்கிறது. இனிப் பணத்தைப் பார்க்கலாம். கீழ்க்கண்டவை எடுத்துக்காட்டுக்கான எண்கள். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியை விற்றால் 20,000 ரூபாய் கிடைக்கும் என்போம். ஓர் ஆண்டு வைத்திருந்தால் அதன் விலை 2,000 குறையும். அந்த 20,000 ரூபாய்க்கு 6 சதவீத வட்டி 1,200. ஆண்டுப் பராமரிப்பு 6,000. எஞ்சின் வேலைக்கான 12,000 நான்கு ஆண்டுக்குப் பயன்பட்டால் ஆண்டுக்கு 3,000. மொத்தம் 12,200 ரூபாய்.

புது வண்டி ஒரு லட்சம். பத்து ஆண்டு கழித்து 20,000க்கு விற்றால் ஆண்டுக்கு 8,000 தேய்மானம். முடங்கும் முதல் சராசரி 60,000. அதற்கு வட்டி 3,600. பராமரிப்பு 4,000. மொத்தம் 15,600 ரூபாய். ஆகப் புது வண்டிக்கு ஆண்டுக்கு 3,400 ரூபாய் கூடுதல்.

புது வண்டி பெட்ரோலில் மிச்சம் பிடிக்குமே? பழையது லிட்டருக்கு 50 கிலோமீட்டரும் புதியது 60 கிலோமீட்டரும் கொடுத்தால், ஒவ்வொரு 300 கிலோமீட்டருக்கும் ஒரு லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றால், 3,400 ரூபாயை மீட்க ஆண்டுக்கு 10,200 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதற்குக் கீழே ஓடுகிறவருக்குப் பழையது லாபம். மேலே ஓடுகிறவருக்குப் புதியது லாபம்.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? சென்ற ஆண்டு வண்டிக்குச் செய்த செலவை எங்குமே சேர்க்கவில்லை. "போன வருஷம்தான் கிளட்ச் பிளேட்டு மாற்றினேன், எப்படி விற்பது?" என்று பலர் கேட்பார்கள். அந்தப் பணம் விற்றாலும் திரும்பாது, வைத்துக்கொண்டாலும் திரும்பாது. இனிச் செய்ய வேண்டிய செலவை மட்டுமே எண்ண வேண்டும்.

பதினைந்து ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணத்தையும் பசுமை வரியையும் பழைய வண்டியின் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரட்டை வீச்சு எஞ்சின் வண்டியானால் இன்னொரு செய்தி: அதில் பெட்ரோலின் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகிறது; எண்ணெயும் சேர்ந்து எரிகிறது. பாசத்துக்காக அதை வைத்திருக்கலாம். தினந்தோறும் ஓட்டுவது ஊரார் மூச்சுக்கு நல்லதன்று.

யார் சொன்னது சரி?

திண்ணைக்குத் திரும்புவோம். தந்தை ஓய்வு பெற்றவர். கடைக்கும் வயலுக்குமாக ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். சட்டத்தில் வெடிப்பில்லை, பிரேக் நன்றாக இருக்கிறது என்றால், அவர் சொன்னதே சரி. மகனுக்கு 30 கிலோமீட்டர் தொலைவில் வேலை; போக வர நாளைக்கு 60 கிலோமீட்டர், ஆண்டில் 300 நாள். 18,000 கிலோமீட்டர் ஆகிறது. பெட்ரோலில் மட்டும் 6,000 ரூபாய் மிச்சம். இரவுச் சாலையில் நல்ல பிரேக்கும் கிடைக்கும். அவனுக்கு அவன் சொன்னதே சரி.

ஒரே வண்டிக்கு இரண்டு விடைகள்! விடை வண்டியின் வயதில் இல்லை. அதன் சட்டத்திலும், அதை யார், எங்கே, எவ்வளவு தூரம் ஓட்டுகிறார் என்பதிலும் இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியைக் கழுவும்போது ஒரு துணியும் திருப்புளியும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து மூட்டிலிருந்து தொடங்குங்கள். எஞ்சினைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.